வேகம் எடுத்ததும் நடுங்கும் ஜீப்: யாழ்ப்பாணப் பயணத்துக்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

தோட்டத்துப் பழைய போர்வீல் ஜீப்பைப் பற்றி யாரும் லேசில் குறை சொல்லமாட்டார்கள். அடைமழையிலும் ஏறும், சேற்றிலும் இறங்கும். உரமூட்டை ஏற்றுவதும் அதில்தான், பிரசவ வலி கண்ட பிள்ளையை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதும் அதில்தான். லான்ட் ரோவரோ, லான்ட் குரூசரோ, பழைய பஜெரோவோ, எதுவானாலும் சாரதிக்கு அது பிள்ளை மாதிரி.

அதே ஜீப்பை நல்லூர்த் திருவிழாவுக்கென்று பேசிக்கொண்டு குடும்பத்தோடு புறப்படுகிறோம். நம்மில் பலருக்கு வடக்கில் சொந்தக்காரர்களும் உண்டு. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போய்க் குடியேறிய குடும்பங்கள் எத்தனையோ. அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கும் இந்த வழியாகத்தான் போகவேண்டும். மாத்தளை, தம்புள்ளை தாண்டி, வவுனியாவும் தாண்டியதும் ஏ-9 வீதி கோடு போட்டதுபோல் நேராக ஓடுகிறது. சாரதி கொஞ்சம் மிதிக்கிறார். முள் 60ஐத் தாண்டியதும் ஸ்டியரிங் நடுங்கத் தொடங்குகிறது. 65இல் முன்கண்ணாடி கிணுகிணுக்கிறது. பின்னால் இருக்கிற பாட்டி, "என்னப்பா, வண்டிக்குக் குளிர் காய்ச்சலா?" என்று கேட்கிறார். வேகத்தைக் குறைத்தால் நின்றுவிடுகிறது. கூட்டினால் திரும்ப வருகிறது.

தோட்டத்தில் நன்றாக ஓடிய வண்டிக்கு இங்கே வந்ததும் என்ன பிடித்தது? ஒன்றும் புதிதாகப் பிடிக்கவில்லை. வருத்தம் முந்தியே இருந்தது. நம் மலை ரோட்டில் 20, 30 கி.மீ.க்கு மேல் போக வழியில்லாததால் அது வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்துக்காரருக்கும் இது பழகிய சங்கதி. பழைய வாகனத்தை உயிரோடு வைத்திருப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில், பெற்றோல் கிடைக்காதபோது, ஒஸ்டின், மொறிஸ் கார்களைச் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். புகை கக்கிக்கொண்டு போனாலும் போனது. அந்தக் குண்டும் குழியுமான ரோட்டில் வேகத்துக்கு எங்கே வழி? ஏ-9 பாதை 2002இல் திறந்தது, 2006 ஆகஸ்டில் மூடியது, 2009இல் போர் முடிந்த பின்னர்தான் மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு வீதியைக் கார்ப்பெட் போட்டுச் சீராக்கினார்கள். வீதி புதிது, வண்டி பழையது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்துவிட்டார்கள். அதனால் பழைய ஜீப்புகள் இன்னும் பல வருஷம் நம்மோடுதான் இருக்கப்போகின்றன.

ஊருக்கு வெளியே கார் போன்ற சிறிய வாகனங்களுக்கு நம் நாட்டில் சட்டம் விட்டிருக்கும் வேகம் 70 கி.மீ. சட்டத்துக்கு உட்பட்டு ஓட்டினாலும் இந்த நடுக்கம் வந்து நிற்கும் என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

நடுக்கம் வேகத்தோடு எப்படி வளருகிறது என்பதை முதலில் பார்ப்போம். நம் தோட்டத்துச் செம்மண் சேறு சில்லின் உட்பக்கம், இரும்பு ரிம்மில், அப்பிக் காய்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் கிலோதான். 16 அங்குல ரிம்மில் அந்தக் கால் கிலோ ஒரே பக்கம் இருந்தால், 20 கி.மீ. வேகத்தில் சில்லை வெளியே இழுக்கும் விசை ஏறக்குறைய 1 கிலோ பாரத்துக்குச் சமம். ஜீப்புக்கு அது எறும்புக் கடி. 70 கி.மீ.க்கு வந்ததும் அதே கால் கிலோ சுமார் 12 கிலோ பாரம்போல் இழுக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நாலு மடங்காகும் என்பது கணக்கு. ஜீப்பின் பெரிய டயர் 70இல் வினாடிக்கு எட்டுத் தடவை சுற்றும். ஆகவே வினாடிக்கு எட்டுத் தரம், மேலும் கீழுமாக, 12 கிலோ சம்மட்டி அடி. ஸ்டியரிங் நடுங்காமல் என்ன செய்யும்?

வெறும் சேறா என்று சிரிக்கவேண்டாம். நுவரெலியா ஈரத்தில் அப்பிய மண் வவுனியா வெயிலில் காய்ந்து, பாதி விழுந்து பாதி ஒட்டி நிற்கும்போது நடுக்கம் திடீரென்று வரும். பெரிய செலவுக்குப் போகுமுன் நாலு சில்லின் உட்பக்கத்தையும் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டுப் பாருங்கள். டயர்க் கட்டைகளுக்கு நடுவில் சிக்கிய கல்லையும் எடுத்துவிடுங்கள். இரண்டு ரூபாய்ச் செலவில்லாமல் தீர்ந்த நடுக்கங்கள் உண்டு.

இன்னொன்றையும் அப்போதே பார்த்துக்கொள்ளலாம். மலையில் போர்வீலைப் போட்ட சாரதி, கழற்ற மறந்தே வந்திருப்பார். பழைய ஜீப்புகள் பலவற்றில் முன் அச்சும் பின் அச்சும் அப்போது இறுக்கமாகப் பிணைந்திருக்கும். சேற்றில் சில்லு வழுக்கிச் சமாளிக்கும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்க இடமில்லாமல் வண்டி முறுகிக்கொண்டு உதறும். தார் ரோட்டில் இரண்டு சில்லு இழுவையில்தான் ஓட்டவேண்டும். எப்போதும் நாலு சில்லும் இழுக்கும்படி செய்த டிஃபென்டர் போன்ற வண்டியானால், நடு டிஃபரென்சல் பூட்டு திறந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இதெல்லாம் பார்த்தும் நடுக்கம் போகவில்லையென்றால், அது எங்கேயிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவேண்டும். இங்கேதான் நம் ஆட்கள் காசைத் தொலைக்கிறார்கள். கராஜுக்குப் போனதும் "எலைன்மென்ட் போடு" என்கிறார் ஒருவர். "டயரை மாத்து" என்கிறார் இன்னொருவர். ஸ்டியரிங் டாம்பர், சொக் அப்சோபர் என்று ஒவ்வொன்றாக மாறுகிறது. மூன்று மாதச் சம்பளம் போன பிறகும் 65இல் அதே நடுக்கம். எலைன்மென்ட் சரியில்லாவிட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஓரம் தேயும். சீரான நடுக்கத்துக்கு அது காரணமாவது குறைவு. சாமானை மாற்றுமுன் வண்டியைக் கேட்கவேண்டும்.

எங்கே நடுங்குகிறது என்பது முதல் கேள்வி. ஸ்டியரிங்கில் கை அதிர்ந்தால் பெரும்பாலும் முன் சில்லுகள். கை சும்மா இருக்க, ஆசனமும் தரைத் தகடும் அதிர்ந்தால் பின் சில்லுகள் அல்லது வண்டியின் வயிற்றுக்குக் கீழே ஓடும் புரொப்பலர் சாஃப்ட். பின் ஆசனத்தில் இருக்கிறவர்களுக்குத்தான் இது முதலில் தெரியும். ஆகவே சாரதி அண்ணன், பின்னால் இருக்கிற பெண்களையும் பிள்ளைகளையும் கேட்கத் தயங்கக் கூடாது.

எப்படி நடுங்குகிறது என்பது அடுத்தது. சில்லு வினாடிக்கு எட்டுத் தடவை சுற்றுகிறது என்றோம். அந்த நடுக்கம் மேசையில் விரலால் வேகமாகத் தட்டுவதுபோல் தனித்தனி அடியாகத் தெரியும். புரொப்பலர் சாஃப்ட் அப்படியில்லை. பழைய லான்ட் ரோவரில் சில்லு ஒரு தடவை சுற்றுவதற்குள் அது 4.7 தடவை சுற்றும். 70 கி.மீ.யில் வினாடிக்கு 37 சுற்று. அந்த வேகத்தில் அடி தனியாகத் தெரியாது, தேயிலைத் தொழிற்சாலையின் மேல் மாடியில் நிற்கும்போது உள்ளங்காலில் ஏறுமே ஒரு 'ம்ம்ம்' என்ற அதிர்வு, அதுபோல் இருக்கும். கண்ணாடிச் சட்டமும் கதவுப் பிடியும் சேர்ந்து ரீங்கரிக்கும். இந்த இரண்டு நடுக்கங்களையும் பிரித்தறியத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

இனி ஓட்டிப் பார்க்கும் சோதனை. ஆனையிறவு தாண்டி, பளைப் பக்கம் நேரான, மேடு பள்ளமில்லாத பாதை இருக்கிறது. அங்கேயும் ஒழுங்கையிலிருந்து சைக்கிள் வரும், மாடு குறுக்கே வரும். விடிந்து வெளிச்சம் வந்த நேரத்தில், முன்னும் பின்னும் வாகனம் இல்லாதபோது, பிள்ளைகளை இறக்கிவிட்டு, சாரதியும் காது கூர்மையான ஒருவரும் மட்டும் போகவேண்டும். நடுக்கம் வருகிற வேகம்வரை எடுத்து, ஆக்சிலேட்டரை விட்டு, கிளச்சை மிதித்து வண்டியைத் தானாக ஓடவிடுங்கள். என்ஜின் சத்தம் இறங்கியும் நடுக்கம் அப்படியே இருந்தால் என்ஜினில் குற்றமில்லை. சில்லு, சாஃப்ட், அச்சு இவற்றில் ஒன்று. கிளச் மிதித்ததும் நின்றுபோனால் என்ஜின் தாங்கும் இறப்பர்கள், கிளச் பக்கம் பாருங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது ஒரு மாதிரியும் விடும்போது வேறு மாதிரியும் இருந்தால், சாஃப்ட்டின் ஜொயின்ட் அல்லது டிஃபரென்சல் முன்னால் இருக்கும் பெயரிங் மேல் சந்தேகம். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிரம்மோ டிஸ்க்கோ வட்டம் கெட்டிருக்கிறது, வேறெங்கும் தேடவேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. ஓடும்போது சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்திப் பார்ப்போமே என்று ஒருவரும் நினைக்கக் கூடாது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம். பிரேக்குக்கு உதவும் பூஸ்டர் வேலை செய்யாமல் மிதி கல்லுப்போலாகிவிடும். உயிரோடு விளையாட்டு வேண்டாம்.

டயர்தான் என்று சந்தேகம் விழுந்தால், முன் இரண்டையும் பின்னுக்கும் பின் இரண்டையும் முன்னுக்கும் மாற்றிப் போட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கில் இருந்த நடுக்கம் ஆசனத்துக்குப் போனால் கள்ளன் பிடிபட்டான். பிறகு ஒவ்வொரு சில்லாக ஜாக்கியில் தூக்கி, பக்கத்தில் ஒரு கம்பியை அசையாமல் ஊன்றி, சில்லைக் கையால் சுற்றுங்கள். டயரும் கம்பியும் எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கவேண்டும். ஒரு இடத்தில் நெருங்கி ஒரு இடத்தில் விலகினால், டயர் வட்டம் கெட்டது அல்லது ரிம் நெளிந்தது. கல் ரோட்டில் அடிபடும் தோட்ட வண்டிக்கு ரிம் நெளிவது புதினமில்லை. நெளிந்த ரிம்மை எத்தனை தடவை பலன்ஸ் பண்ணினாலும் நடுக்கம் போகாது. ஈயத்துண்டு ஒட்டிப் பாரத்தைச் சமப்படுத்தலாம், கோணலை நிமிர்த்த முடியாது.

பழைய டயரில் புது இறப்பர் ஒட்டிய 'டாக்' டயர்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். தோட்டத்தில் மெதுவாக ஓடுகிற வண்டிக்கு அது போதும், குறை சொல்லவில்லை. ஏ-9 வெயிலில் மணிக்கணக்காக ஓடும்போது டயர் சூடேறி, ஒட்டு விடத் தொடங்கினால், இறப்பர் ஒரு இடத்தில் வீங்கும். நேற்று இல்லாத நடுக்கம் இன்று வந்து, ஒவ்வொரு பத்து மைலுக்கும் கூடினால் உடனே நிறுத்தி டயரைத் தடவிப் பாருங்கள். கையில் வீக்கம் தட்டுப்பட்டால் அந்த டயரோடு ஒரு மைல்கூடப் போகவேண்டாம். புது டயரானாலும் வயது பார்க்கவேண்டும். பக்கச் சுவரில் நாலு இலக்கம் இருக்கும். 2314 என்று இருந்தால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது கிழமையில் செய்தது. பூ முழுவதும் இருந்தாலும் பத்து வருஷம் தாண்டிய டயரை நெடும் பயணத்துக்கு நாம் சிபாரிசு செய்யமாட்டோம்.

இப்போது புரொப்பலர் சாஃப்ட்டுக்கு வருவோம். பழைய போர்வீலில் அதிகம் பேர் கோட்டைவிடுகிற இடம் இது. காருக்கு ஒன்று என்றால் இதற்கு இரண்டு: ஒன்று பின் அச்சுக்கு, ஒன்று முன் அச்சுக்கு. ஒவ்வொன்றின் இரு முனையிலும் சிலுவைபோல் ஒரு யுனிவர்சல் ஜொயின்ட். அச்சு மேலும் கீழும் ஆடும்போது சாஃப்ட் மடங்கிக் கொடுக்க இதுதான் உதவி. இதில் ஒரு சங்கடம் உண்டு. மடங்கிய நிலையில் சுற்றும் ஜொயின்ட், ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு தரம் சாஃப்ட்டை முந்தவிட்டும் பிந்தவிட்டும் ஓட்டும். மறுமுனையிலுள்ள ஜொயின்ட் அதைத் திருப்பிச் சரிசெய்யும். இரண்டும் ஒத்துப்போனால் நடுக்கமில்லை. ஒத்துப்போகாவிட்டால் வேகத்தில் ரீங்காரம்.

ஏன் ஒத்துப்போகாமல் போகிறது? பாரம் தாங்கட்டும் என்று ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை வைத்து ஜீப்பை உயர்த்தியிருப்பார்கள். சாஃப்ட்டின் சரிவு மாறிவிடும். அல்லது கிளச் வேலைக்காகச் சாஃப்ட்டைக் கழற்றி, நடுவிலுள்ள பற்கள் கொண்ட இணைப்பை ஒரு பல் தள்ளிப் பூட்டியிருப்பார்கள். கராஜிலிருந்து வந்த மறுநாளே நடுக்கம் தொடங்கினால் இதைத்தான் முதலில் நினைக்கவேண்டும். கழற்றுமுன் இரண்டு துண்டிலும் ஒரே கோட்டில் பெயின்டால் அடையாளம் போடச் சொல்லுங்கள். போட்டால் இந்தத் தொல்லையே வராது. சாஃப்ட்டில் ஒட்டியிருக்கும் சிறு இரும்புத் துண்டை அழுக்கென்று தட்டி எடுத்துவிடவும் கூடாது. அது கம்பனியில் பலன்ஸுக்காக வைத்தது.

ஜொயின்ட் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுக் கீழே படுக்கவேண்டும். சாஃப்ட்டைக் கையால் பிடித்து முறுக்கியும் மேலே தள்ளியும் பாருங்கள். சிலுவை தன் இடத்தில் 'டக் டக்' என்று ஆடினால் மாற்றவேண்டியதுதான். ஆடாவிட்டாலும், ஜொயின்ட்டின் மூடியைச் சுற்றிச் செங்கல் நிறத்தில் காய்ந்த தூள் தெரிந்தால், உள்ளே கிரீஸ் வற்றி ஊசிப் பெயரிங்குகள் துருவாகிக்கொண்டிருக்கின்றன. காரைநகர் கசூரினாக் கடற்கரை, மணற்காடு என்று உப்பு மணலில் வண்டியை இறக்கி ஓட்டி, கழுவாமல் மலைக்குத் திரும்புகிறவர்களுக்கு இது விரைவில் வரும். கிரீஸ் முலை உள்ள ஜொயின்ட்டுக்கு 5,000 கி.மீ.க்கு ஒரு தடவை கிரீஸ் அடிப்பது பெரிய செலவில்லை.

முன் சாஃப்ட்டா பின் சாஃப்ட்டா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. முன் சில்லு மையத்தில் திருப்பும் பூட்டு உள்ள ஜீப்பானால், அதைத் திறந்து விட்டால் முன் சாஃப்ட் சுற்றாமல் நிற்கும். அப்போது நடுக்கம் போனால் குற்றம் முன்னால். பூட்டு இல்லாத வண்டியில் போர்வீல் போடாவிட்டாலும் முன் சாஃப்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். இது பாஸ் செய்யவேண்டிய வேலை. லான்ட் ரோவரில் கை பிரேக் சில்லைப் பிடிப்பதில்லை, பின் சாஃப்ட்டைத்தான் பிடிக்கிறது. அந்தச் சாஃப்ட்டைக் கழற்றினால் கை பிரேக் இழுத்தும் பயனில்லை, வண்டி உருளும். கட்டை வைக்காமல் கீழே படுக்காதீர்கள் என்று நாம் திரும்பச் சொல்வது அதனால்தான்.

ஜொயின்ட் உடைந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வினாடிக்கு 37 தடவை சுற்றும் இரும்புக் குழாய் ஒரு முனை விட்டுத் தொங்கினால், பிரேக் குழாயையும் எண்ணெய்த் தாங்கியையும் அடித்து நொறுக்கும். முன்முனை தரையில் குத்தினால் வண்டியையே தூக்கிப் போடும். பத்துப் பேர் உள்ளே இருக்கிற வண்டியில் 'ம்ம்ம்' என்ற அந்த ரீங்காரம் சின்ன விஷயமில்லை.

மற்றொரு நடுக்கம் உண்டு. அதை இதோடு குழப்பக் கூடாது. 50, 60இல் ஒரு பள்ளத்தில் முன் சில்லு விழுந்ததும் ஸ்டியரிங் இடமும் வலமுமாகக் கையை உதறித் தள்ளும். வண்டி பேய் பிடித்ததுபோல் ஆடும், கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்கும். இது முன் அச்சின் முட்டுகள், ஸ்டியரிங் கம்பி முனைகள், சில்லுப் பெயரிங் தேய்ந்ததால் வருவது. சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பார்த்தால் ஆட்டம் தெரியும். புது டாம்பர் போட்டால் சில மாதம் மறையும். மறைவதும் தீர்வதும் ஒன்றல்ல.

எந்த வேகத்திலும் நடுக்கம் வந்து, நிமிஷத்துக்கு நிமிஷம் கூடினால் அது சில்லு நட்டு கழன்றதாக இருக்கலாம். அப்போது சோதனையும் வேண்டாம், எண்ணிக்கையும் வேண்டாம். ஓரத்தில் நிறுத்தி நட்டுகளைப் பாருங்கள். சில்லு கழற்றிப் பூட்டிய பிறகு 50 கி.மீ. ஓடியதும் நட்டுகளை ஒரு தரம் இறுக்கிப் பார்ப்பது நல்ல சாரதிகளின் வழக்கம்.

கராஜுக்குப் போகும்போது "வண்டி நடுங்குது பாஸ்" என்று மட்டும் சொன்னால் அவர் என்ன செய்வார், பாவம். ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிக்கொண்டு போங்கள்: எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது, கையிலா ஆசனத்திலா, தட்டலா ரீங்காரமா, கிளச் மிதித்தால் நிற்கிறதா, கடைசியாகக் கழற்றிப் பூட்டிய சாமான் எது. முப்பது வருஷ அனுபவமுள்ள பாஸ் அந்தத் துண்டைப் பார்த்ததும் நேராக எங்கே கை வைக்கவேண்டும் என்று அறிந்துகொள்வார். பாதித் தூரத்தில் நின்று வேலை செய்கிற கராஜாக இருந்தால், கழற்றிய பழைய சாமானை உங்கள் கையில் தரச் சொல்லிக் கேளுங்கள். தேய்ந்த சிலுவையானால் பார்த்த உடனே தெரியும்.